மாகோவுக்குக் கிழக்கே: புகையிரதச் சீர்திருத்தமும் வாவிக்கரை மக்களும்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூத்து, கண்ணகி வழிபாடு, வாவியின் சூழல், நெற்செய்கை என்று இந்த மண்ணில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, நான் கோச்சியை, அதாவது புகையிரதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கைப் புகையிரத சேவையைச் சீர்திருத்தப் போகிறோம் என்ற பேச்சு கொழும்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. திணைக்களமாகவே இருக்கட்டுமா, அதிகாரசபையாக மாற்றுவதா, கம்பனியாக்குவதா, தனியாரைச் சேர்ப்பதா என்று அமைச்சர்களும் தொழிற்சங்கங்களும் வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தில் மட்டக்களப்புப் பாதையின் பெயர் அரிதாகத்தான் காதில் விழுகிறது. நமது பாதையில் எத்தனை வண்டி ஓட வேண்டும், எந்த நேரத்தில் ஓட வேண்டும், அதற்கான பணத்தை யார் தர வேண்டும் என்பதை முதலில் சட்டத்தில் எழுதுங்கள். நிர்வாகத்தின் பெயரைப் பிறகு மாற்றுங்கள் என்பது என் நிலைப்பாடு. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

கொழும்பிலிருந்து வரும் பாதை பொல்கஹவெல, குருநாகல் தாண்டி மாகோவில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அனுராதபுரம், வவுனியா வழியாகக் காங்கேசன்துறைக்குப் போகிறது. மற்றது கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைக்கு ஒரு கிளையைப் பிரித்துவிட்டு, ஹிங்குராக்கொட, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று வந்து மட்டக்களப்பில் முடிகிறது. கோட்டை நிலையத்திலிருந்து இங்குவரை ஏறத்தாழ 348 கிலோமீற்றர். அதில் 200 கிலோமீற்றருக்கு மேல் மாகோவுக்குக் கிழக்கே கிடக்கிறது.

2025 ஏப்ரல் 6ஆம் திகதி அனுராதபுரத்தில் ஒரு விழா நடந்தது. இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் சேர்ந்து, புனரமைக்கப்பட்ட மாகோ–ஓமந்தை 128 கிலோமீற்றர் பாதையைத் திறந்து வைத்தார்கள். 91.27 மில்லியன் டொலர் இந்திய உதவியில் முடிந்த வேலை அது. அதே நாளில் மாகோ–அனுராதபுரம் பகுதிக்கான நவீன சமிக்ஞைத் திட்டத்தையும் தொடங்கினார்கள். வடக்கு நோக்கிய பாதை செப்பமாவது நமக்கும் மகிழ்ச்சி. 1990இல் அறுந்துபோன யாழ்தேவி வண்டிச் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியதைப் பார்த்து இங்கும் பலர் கண்கலங்கினோம். ஆனால் அதே மாகோவிலிருந்து கிழக்கே திரும்பும் தண்டவாளத்தில் என்ன இருக்கிறது?

ஒற்றைப் பாதை இருக்கிறது. அதில் டேப்லட் முறை இருக்கிறது. அடுத்த நிலையம் வரை பாதை காலியாக உள்ளது என்பதற்கு அத்தாட்சியாக நிலைய அதிபர் கொடுக்கும் டேப்லட் என்னும் உலோக வில்லையைக் கையில் வாங்கிக்கொண்டே சாரதி வண்டியை எடுக்கிறார். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாத பழைய முறை அது. இரண்டு வண்டிகளை ஒரே துண்டில் மோதவிடாது. ஆனால் அதற்கு ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் விழித்திருக்க வேண்டும். ஆளில்லாமல் ஒரு நிலையத்தை மூடினால் இரண்டு துண்டுகள் ஒன்றாகி நீண்டுவிடும். எதிரே வரும் வண்டி அந்த நீளம் முழுவதையும் கடந்து முடிக்கும்வரை இந்த வண்டி காத்துக் கிடக்க வேண்டும். புணானைக் காட்டு நடுவில் காரணம் சொல்லாமல் கோச்சி நிற்கிறது என்று பயணிகள் சலித்துக்கொள்வார்களே, அதற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம். ஆட்சேர்ப்பை நிறுத்தி வைப்பதென்று கொழும்பில் எடுக்கும் ஒரு நிதி முடிவு, வெலிக்கந்தைக்கு இப்பால் அரை மணித்தியாலத் தாமதமாக வந்து சேர்கிறது.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

இலங்கையின் முதல் புகையிரதம் 1864 டிசம்பர் 27இல் ஓடியது. 1867இல் கண்டி, 1905இல் காங்கேசன்துறை, 1914இல் தலைமன்னார், 1924இல் பதுளை என்று பாதை நீண்டது. தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் முதலில் போனது. கிழக்குக்கு வந்தது கடைசியில்தான். திருகோணமலைக் கிளையும் மட்டக்களப்புப் பாதையும் 1920களின் இறுதியில் திறக்கப்பட்டன; நமக்கு 1928இல் வண்டி வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1924இல், கல்லடியில் லேடி மானிங் பாலம் கட்டி முடித்திருந்தார்கள். வாவியின் மேல் ஒரு பாலமும் வாவிக்கு அருகே ஒரு நிலையமும் ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தன என்றால், ஒரு தலைமுறையின் வாழ்க்கை எவ்வளவு வேகமாக மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதுவரை கொழும்புக்குப் போக வேண்டுமானால் கடல்வழி, இல்லையேல் பதுளை மலைப்பாதை. இரண்டும் வசதியுள்ளவர்களுக்கும் துணிந்தவர்களுக்கும் உரியவை. கோச்சி வந்த பின்னர்தான் ஏழைக் கமக்காரன் மகனும் ஒரு இரவில் தலைநகரை அடைய முடிந்தது.

சிக்கனம் கருதியே இந்தப் பாதையைப் போட்டார்கள். மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையின் மேலும், ஓட்டமாவடியில் வாழைச்சேனை ஆற்றின் மேலும் ஒரே பாலத்தில் தண்டவாளமும் வீதியும் சேர்ந்து கிடந்தன. கோச்சி வந்தால் பஸ்ஸும் மாட்டுவண்டியும் இருபுறமும் நிற்கும். மன்னம்பிட்டிக்குத் தனி வீதிப் பாலம் வர 2007 வரை காத்திருந்தோம். ஓட்டமாவடிக்கு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள். குறைந்த செலவில் போட்ட ஒரு பாதையின் சிரமத்தை எண்பது ஆண்டுகளாக நாம் சுமந்தோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு பி. டி. ரம்பாலா என்ற பொறியியலாளர் புகையிரதத்தின் பொது முகாமையாளரானார். நீராவி இயந்திரத்திலிருந்து டீசலுக்கு மாறிய காலம் அது. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. நமது மட்டக்களப்பு வண்டியான உதயதேவியும் அந்தப் பெயர்வரிசையில் வந்தவள்தான். ரம்பாலாவின் காலத்தில் புகையிரதம் திணைக்களமாகவே இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சட்டம் மாறவில்லை, பெயர் மாறவில்லை. வேலை தெரிந்த ஒருவர் தலைமையில் இருந்தார், அவருக்கு இயந்திரம் வாங்கப் பணம் கொடுத்தார்கள், நேரம் தவறினால் கேள்வி கேட்கப்பட்டது. திணைக்களம் என்றாலே தேங்கிப் போகும் என்று சொல்பவர்கள் இந்தக் காலத்தை மறந்துவிடுகிறார்கள்.

போர் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. இந்த அவையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். பல ஆண்டுகள் வண்டி பொலன்னறுவையோடும் வெலிக்கந்தையோடும் நின்று போனது. வந்த காலத்திலும் அச்சத்தோடுதான் வந்தது. ஒரு தலைமுறை கோச்சியை மறந்து பஸ்ஸுக்குப் பழகியது.

இனிச் சீர்திருத்தத்துக்கு வருகிறேன். 1993ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் புகையிரத அதிகாரசபை என்ற ஒன்றை அமைப்பதற்காக நிறைவேற்றப்பட்டது. அது நிலைக்கவில்லை; இன்றும் நம்மிடம் இருப்பது திணைக்களமே. 2022இல் நாடு கடனில் முறிந்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கை வந்த பின், அரச நிறுவனங்களின் நட்டம் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் பந்துல குணவர்தன புகையிரதத்தை அதிகாரசபையாக்கும் யோசனையை மறுபடி எடுத்தார். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆட்சி மாறியது. இப்போதைய அரசாங்கம் விற்பனை பற்றிப் பேசவில்லை. நிலையங்களைத் தனியார் அனுசரணையோடு புதுப்பிப்பது, இணையவழி ஆசனப்பதிவைச் செம்மைப்படுத்துவது, பெண்களைப் புகையிரதப் பணிகளில் சேர்ப்பது என்று படிப்படியாகப் போக முயல்கிறது.

திணைக்களத்துக்கும் அதிகாரசபைக்கும் நடைமுறையில் என்ன வேறுபாடு? திணைக்களத்தின் வருமானம் முழுவதும் திறைசேரிக்குப் போகிறது. செலவு முழுவதும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட வேண்டும். ஒரு உதிரிப்பாகம் வாங்கவும், ஒரு ஊழியரை நியமிக்கவும் பொதுச் சுற்றறிக்கைகளைப் பின்பற்ற வேண்டும். நிலையத்தை ஒட்டிய காணியைக் குத்தகைக்கு விட்டாலும் அந்தப் பணத்தில் அந்த நிலையத்தின் கூரையைத் திருத்த முடியாது. அதிகாரசபையானால் தன் வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம், கடன் வாங்கலாம், காணியைப் பயன்படுத்தலாம், சம்பளத்தைத் தானே தீர்மானிக்கலாம். இதிலெல்லாம் நன்மை உண்டு; நான் மறுக்கவில்லை. ஊழியர்களின் அச்சமும் நியாயமானது. அரச ஓய்வூதியம் என்ற உறுதியை நம்பி வேலைக்கு வந்தவர்களிடம் அதைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

நம்மைத் தொடும் கேள்வி வேறு. தன் வருமானத்தில் தானே வாழும் நிறுவனம், வருமானம் குறைந்த பாதையை என்ன செய்யும்?

ஜப்பானைப் பாருங்கள். உலகம் முழுவதும் முன்னுதாரணமாகக் காட்டும் சீர்திருத்தம் அது. 1987 ஏப்ரல் 1ஆம் திகதி ஜப்பானிய தேசிய புகையிரதத்தை ஆறு பயணிகள் கம்பனிகளாகவும் ஒரு சரக்குக் கம்பனியாகவும் பிரித்தார்கள். தோக்கியோவையும் ஒசாகாவையும் சுற்றிய கம்பனிகள் இலாபத்தில் செழித்தன. வடக்கே ஹொக்கைடோ, தெற்கே ஷிகோகு, கியூஷூ ஆகிய தீவுகளின் கம்பனிகள் நட்டத்தில் ஓடும் என்பது பிரிக்கும்போதே தெரியும். ஆகையால் அவற்றுக்கு ஒரு நிலையான நிதியைக் கொடுத்து, அதன் வட்டியைக் கொண்டு நட்டத்தை ஈடுசெய்யுங்கள் என்றார்கள். எழுதிய காலத்தில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பின்பு ஜப்பானில் வட்டி வீதம் தரைமட்டத்துக்கு வந்தது. வட்டி வற்றியது, ஈடும் வற்றியது. கிராமங்களில் மக்கள் தொகையும் குறைந்துகொண்டே போனது. 2016 நவம்பரில் ஹொக்கைடோக் கம்பனி, தன் பாதைகளில் 1,237 கிலோமீற்றரைத் தனியாகப் பராமரிக்க இயலாது என்று அறிவித்தது. அது அதன் மொத்தப் பாதையில் ஏறத்தாழ அரைப்பங்கு. அதன் பின் கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன.

கியூஷூ மட்டும் வேறு தொழில்களைப் பற்றிக்கொண்டு தேறியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஃபுகுவோகா போன்ற பெருநகரம் அங்கே உண்டு. ஹொக்கைடோவின் ஓரக் கிராமங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மட்டக்களப்பைச் சேர்ந்தவன் ஜப்பானின் கதையைப் படிக்கும்போது தோக்கியோவைப் பார்க்கக்கூடாது. ஹொக்கைடோவைப் பார்க்க வேண்டும். பாதையின் முடிவில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதி, சந்தையின் ஏற்ற இறக்கத்தை நம்பி எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பிரித்தானியாவின் கதை வேறு விதம். இலங்கையில் அதிகாரசபைச் சட்டம் வந்த அதே 1993இல் அங்கே புகையிரதத்தைத் தனியார்மயமாக்கும் சட்டம் வந்தது. தண்டவாளம் ஒரு கம்பனிக்கு, வண்டி ஓட்டுவது வேறு பல கம்பனிகளுக்கு, பராமரிப்பு ஒப்பந்தகாரருக்கு என்று துண்டு போட்டார்கள். 2000 ஒக்டோபரில் ஹாட்ஃபீல்டில் தேய்ந்த தண்டவாளம் உடைந்து வண்டி தடம்புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். மறு ஆண்டே தண்டவாளக் கம்பனி முறிந்தது. தண்டவாளம் மறுபடி பொதுக் கைக்கு வந்தது. 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி இப்போது பயணிகள் வண்டிகளையும் ஒவ்வொன்றாக அரசு திரும்ப எடுத்து வருகிறது. முப்பது ஆண்டுகள் சுற்றி வந்து தொடங்கிய இடத்தருகே நிற்கிறார்கள்.

இரண்டு நாடுகளிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது, உடைமையைப் பற்றிய பாடத்தை விட, எழுத்தில் இருக்க வேண்டிய கடமையைப் பற்றிய பாடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007ஆம் ஆண்டின் 1370ஆம் இலக்க ஒழுங்குவிதி ஒன்று உண்டு. இலாபம் தராத ஆனால் மக்களுக்குத் தேவையான பயணச் சேவையை அரசு கேட்டால், என்ன சேவை, எவ்வளவு, அதற்கு என்ன ஈடு என்பதை ஒப்பந்தமாக எழுத வேண்டும் என்கிறது அது. நட்டம் என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடாமல், இது மக்களுக்காக அரசு விலை கொடுத்து வாங்கும் சேவை என்று கணக்கில் காட்ட வைக்கிறது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மூன்றாம் வகுப்பில் போகும் நோயாளியின் பயணச்சீட்டு, முழு விலைக்கு விற்கப்படவில்லை என்பதை நாம் நட்டம் என்று அழைக்கலாமா? அது நாடு தன் குடிமக்களில் ஒருவருக்குச் செய்யும் செலவு. அதை அப்படியே எழுதினால், அடுத்த ஆண்டு வெட்டும்போது யாரை வெட்டுகிறோம் என்று வெட்டுபவருக்குத் தெரியும்.

எழுத்தில் இல்லாத கடமை என்ன ஆகும் என்பதற்கு நமது பாதையிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. முதலாவது, யானை.

2025 பெப்ரவரி 20ஆம் திகதி விடியுமுன், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிப் போன மீனகயா வண்டி, கல்ஓயா அருகே யானைக் கூட்டமொன்றில் மோதியது. ஆறு யானைகள் இறந்தன. வண்டி தடம்புரண்டது, பயணிகளுக்கு உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு. அதற்கு நான்கு மாதங்கள் முன்பு, 2024 ஒக்டோபரில், மின்னேரியாப் பகுதியில் மட்டக்களப்புக்கு எரிபொருள் ஏற்றிவந்த வண்டி மோதி இரண்டு யானைகள் இறந்தன. எண்ணெய்த் தாங்கிகள் சரிந்து கிடந்தன. நமது வாவியின் பாடும் மீனைப் பெயரில் சுமந்த வண்டி யானைக் கூட்டத்தைக் கொன்ற செய்தி உலகம் முழுவதும் போனது. அந்தச் செய்தியைப் படித்துத் தலைகுனியாதவர் இங்கே எவரும் இருக்க முடியாது.

மோதலுக்குப் பின் இரவு வண்டிகளின் நேர அட்டவணையை மாற்றினார்கள். வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால் வேகக் குறைப்பு மட்டுமே வழி என்றால் சுமை முழுவதும் நமது பயணிகள் மேல் விழுகிறது. ஏற்கெனவே எட்டு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும் பயணம் இன்னும் நீளும். நீண்டால் ஆட்கள் காத்தான்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் புறப்படும் இரவு ஏசி பஸ்ஸுக்குப் போவார்கள். ஆட்கள் போனால் வருமானம் குறைந்த பாதை என்று ஏட்டில் எழுதப்படும். எழுதப்பட்டால் பெட்டிகள் குறையும். யானையைக் காப்பதும் பயணியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரியாகிவிடும். இப்படி ஆகவேண்டிய கட்டாயமே இல்லை.

கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரையில், கேரளாவின் வாளையாறு நோக்கிப் போகும் இரட்டைப் பாதை காட்டு ஓரமாகப் போகிறது. அங்கும் யானைகள் தொடர்ந்து அடிபட்டன. தமிழ்நாடு வனத்துறை 2024 பெப்ரவரியில் அங்கே செயற்கை நுண்ணறிவு சார்ந்த கண்காணிப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கமராக்கள். யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்கும் புகையிரத ஊழியர்களுக்கும் உடனே தகவல். பாதைக்கு அடியில் யானைகள் கடந்துபோகச் சுரங்க வழிகளும் அமைத்தார்கள். அந்தக் கண்காணிப்புக்கு ஆன செலவு 7 கோடி இந்திய ரூபாய் சொச்சம். கொழும்பில் ஒரு மேம்பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு? கல்ஓயா, மின்னேரியா, வெலிக்கந்தை, புணானை ஆகிய இடங்களில் யானை கடக்கும் வழிகள் வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தெரிந்தவைதான். மண்மேடு உயர்ந்து இரு பக்கமும் செங்குத்தாக இறங்கும் இடங்களில் யானை பாதையை விட்டு விலக முடியாமல் வண்டிக்கு முன்னால் ஓடுகிறது. அங்கே சரிவைத் தணிக்க வேண்டும். வளைவுகளில் பற்றையை வெட்டி, சாரதிக்குத் தூரத்தில் தெரியச் செய்ய வேண்டும். புகையிரதம் ஒரு அமைச்சு, வனசீவராசிகள் இன்னொரு அமைச்சு. யார் பொறுப்பு என்று சட்டம் சொல்லவில்லை. அதிகாரசபை வந்தாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும், எழுதி அடைக்காவிட்டால்.

இரண்டாவது சான்று, கடவைக் காப்பாளர்கள். வடக்கிலும் கிழக்கிலும் வேறு பல இடங்களிலும் பாதுகாப்பற்ற புகையிரதக் கடவைகளில் மூங்கில் தடியை இறக்கி ஏற்றும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். பொலிசார் ஊடாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். நீண்ட காலம் அவர்களுக்குக் கொடுத்த கொடுப்பனவு நாளொன்றுக்கு 250 ரூபாய். ஒரு பஸ் நிறைந்த பாடசாலைப் பிள்ளைகளின் உயிர் யார் கையில் இருக்கிறதோ, அவர் கூலியாளும் அல்ல, ஊழியரும் அல்ல என்ற நிலையில் வருடக்கணக்காக விடப்பட்டார். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் நின்றார்கள், கொழும்புக்கும் போனார்கள். புதிய இயந்திரம் வாங்குவதை நாம் சீர்திருத்தம் என்கிறோம். இந்தக் காப்பாளரின் பெயரைச் சம்பளப் பட்டியலில் ஏற்றுவது அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சீர்திருத்தம். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

வாவிக்கரைக்கென்று இன்னொரு தேவையும் இருக்கிறது. நமது தண்டவாளம் மட்டக்களப்பு நகரோடு நின்றுவிடுகிறது. வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தெற்கே கல்முனைப் பக்கம் வரை போகிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி; மேற்குக் கரையான படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர். விடிகாலையில் கோச்சியை விட்டு இறங்கும் மண்டூர்க்காரர் பஸ் பிடித்து, குருமண்வெளியில் படகுப்பாதையில் ஏறி வாவியைக் கடந்தால்தான் வீடு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்காரருக்கு இந்தத் துன்பம் கொஞ்சம் குறைந்தது. கல்முனை வழியாகப் பொத்துவில் வரை தண்டவாளத்தை நீட்ட வேண்டும் என்ற பேச்சைத் தேர்தல் தோறும் கேட்கிறோம். அது வரட்டும், வரவேற்போம். ஆனால் 1928க்குப் பின் இந்த நாடு போட்ட புதிய பாதைகள் எத்தனை? மாத்தறையிலிருந்து பெலியத்த வரையான 26 கிலோமீற்றர் 2019இல்தான் திறந்தது, அதுவும் சீனக் கடனில். பொத்துவில் பாதைக்காகக் காத்திருக்கும் காலத்தில், இரவு வண்டி வந்து சேரும் நேரத்துக்கு நிலைய வாசலிலேயே இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்கள் மூன்று நிற்கச் செய்வது முடியாத காரியமா? ஒன்று கல்முனைக்கு, ஒன்று கொக்கட்டிச்சோலைக்கு, ஒன்று செங்கலடி வழியாக உள்நாட்டுக்கு. வண்டி பிந்தினால் பஸ்ஸும் காத்திருக்க வேண்டும். புகையிரதமும் இ.போ.ச.வும் ஒரே அமைச்சின் கீழ்தான் இருக்கின்றன. இதற்குக் கடனும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். ஒரே அமைச்சுக்குள் இரண்டு பிரிவுகள் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும்.

மட்டக்களப்புக்கும் பொலன்னறுவைக்கும் இடையே குறுந்தூர வண்டிகளும் வேண்டும். வெலிக்கந்தையிலிருந்தும் புணானையிலிருந்தும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வருபவர்களுக்குக் கொழும்பு வண்டியால் பயன் குறைவு. அது அகால வேளையில் கடந்துபோகிறது. இந்த நாடு ஏற்கெனவே ஓட்டிப் பார்த்த ரெயில் பஸ் போன்ற சிறு வண்டி இதற்குப் போதும்.

மொழி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. புகையிரத ஆட்சேர்ப்பில் கிழக்குப் பாதைக்குத் தமிழ் தெரிந்த நிலைய அதிபர்களும் கட்டுப்பாட்டாளர்களும் சாரதிகளும் போதிய அளவில் எடுக்கப்பட வேண்டும். போட்டிப் பரீட்சையைத் தமிழில் எழுத வசதி வேண்டும். பெண்களுக்குக் கதவு திறக்கும் இந்த வேளையில் வாழைச்சேனைப் பெண்ணும் ஏறாவூர்ப் பெண்ணும் சாரதி ஆசனத்தில் அமரும் நாளைப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளைப் புகையிரத வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் அருகிவிட்டது. அது நம் பக்கத்துக் குறை. அதை நாம்தான் திருத்த வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் நாட்டின் புகையிரதப் பாதைகளைப் பல இடங்களில் அறுத்துப்போட்டது. இப்படியொரு அழிவுக்குப் பின் எந்தப் பாதையை முதலில் எழுப்புவது என்பதை யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எந்த அடிப்படையில்? பயணிகள் தொகையா, வருமானமா, சுற்றுலாவா, வேறு வழியற்ற மக்களா? 1978 புயலையும் 2004 கடற்கோளையும் கண்டவர்கள் நாம். வருமானத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் கிழக்கு எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். அளவுகோல் எதுவென்று சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், புயல் ஓய்ந்த மறுநாள் நாம் எவரிடமும் கையேந்தாமல் அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஆகவே புகையிரதத்துக்கு ஒரு புதிய சட்டமூலம் எந்த அரசாங்கத்தின் காலத்தில் வந்தாலும், அதன் அட்டவணையில் மட்டக்களப்புப் பாதைக்கு நாளொன்றுக்கு ஓட வேண்டிய குறைந்தபட்ச வண்டிகள், அவற்றுக்கான ஈட்டுத் தொகை, யானைக் கடவைகளுக்கும் வீதிக் கடவைகளுக்கும் பொறுப்பான அதிகாரி, சேவையைக் குறைக்குமுன் மாவட்டத்தில் பொது விசாரணை ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத சட்டமூலத்தை, அதை யார் கொண்டுவந்தாலும், என்ன பெயரில் கொண்டுவந்தாலும், நாம் ஏற்கக்கூடாது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் மட்டக்களப்பு வண்டிகள் எத்தனை முறை பிந்தின, எத்தனை முறை இரத்தாயின, எத்தனை பெட்டிகளோடு ஓடின என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தொகுத்து வையுங்கள். நமது மாவட்டத்துக்கு ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்சியானாலும் ஐவரிடமும் அந்தத் தொகுப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின் உயர் நீதிமன்றத்தை நாடுவதற்குச் சில நாட்களே கிடைக்கும். அப்போது தகவல் தேடத் தொடங்கினால் பிந்திவிடும். இந்த மாதமே முதல் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.